குருதி சொல்லும் குறி

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, விடுதி வாழ்வின் நினைவுகளையோ, விளையாட்டுக் களத்தில் நாம் பெற்ற வெற்றிகளையோ, நவராத்திரி விழாக்களின் பொலிவையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுவது வேறொன்று. இக்கல்லூரியிற் கற்ற விஞ்ஞானத்தைத் துணைக்கொண்டு முதுமைக் காலத்தில் யாம் இழைத்த பிழையொன்றினை இங்குச் சொல்லவேண்டியுள்ளது. பெருமைகளைப் பேசுதற்குரிய இடத்திற் பிழையைப் பேசுதல் முறையோ எனின், மாணவர் படிக்கும் மலராதலின் முறையே என்க.

கல்முனைக் கரையை அறியாத அன்பர்களுக்கு முதலில் ஒரு சொல். காரைதீவினின்று வடக்கே செல்லும் நெடுஞ்சாலையிற் சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே தொடரும். ஒரு புறம் கடல். மறு புறம் வயல். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவதைப் புதிதாய் வருவோர் கண்ணால் அறியார். பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயிலின் மணியொலியும் மாறி மாறிக் கேட்பதனாலேயே அறிவர். தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த விபுலானந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்தது இக்கரையிலுள்ள காரைதீவிலேயாகும். இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியராய் இக்கரைக்கு வந்த யாம் இங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேற் பணிபுரிந்து, இங்கேயே ஓய்வும் பெற்றோம்.

இக்கரையை எமக்கு முதன்முதற் காட்டியவர் நம் கல்லூரி விடுதியில் எமக்கு அடுத்த கட்டிலில் உறங்கிய நண்பர் ஒருவர். மருதமுனையைச் சேர்ந்தவர். அவர் பெயரை இங்கு எழுதோம். படிப்பு முடிந்ததும் அவர் தந்தையின் கைத்தறிகளைப் பொறுப்பேற்றார். விடுதியிலே தொடங்கிய ‘மச்சான்’ என்னும் அழைப்பு எங்கள் இருவருக்குமிடையே இன்றுவரை மாறவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது நண்பர் தம் மனைவியை இழந்தார். மூத்த மகன் சுவரொன்றில் மோதுண்டு, தலையிற் பலத்த காயத்துடன் உயிர் தப்பினான். அடுத்த ஆண்டில் அவனுக்கு வலிப்புத் தொடங்கிற்று. தலையிற் கடுங்காயம் பட்டோருட் சிலர்க்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வலிப்பு நோய் தோன்றுதல் மருத்துவர் நன்கறிந்த செய்தியே. எனினும் அவன் குளிசைகளை ஒழுங்காக உட்கொண்டு, மணமுடித்து, மக்களைப் பெற்று, தறிகளையும் திறம்பட நடத்தி வந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நோன்பு மாதத்தின் கடைசிப் பத்தில் ஒரு நாள், பொழுது புலருமுன் எம் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. “மச்சான், மகனுக்கு வலிப்பு நிக்குதில்ல. ஒருக்கா வா” என்றார் நண்பர். யாம் போய்ச் சேருமுன் அவனை முச்சக்கரவண்டியிற் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றுவிட்டனர். வலிப்புத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று வைத்தியர் வினவியபோது ஒருவர் பத்து நிமிடம் என்றார். மற்றொருவர் ஒரு மணி நேரம் என்றார். கையில் இரும்புச் சாவியைத் திணித்தவர் இருந்தார். பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்க முயன்றவரும் இருந்தார். மணிக்கூட்டைப் பார்த்தவர் மட்டும் ஒருவருமிலர்.

சாதாரண வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அடங்காது நீடிக்கும் வலிப்பும், இடையில் உணர்வு திரும்பாமலே மீண்டும் மீண்டும் வரும் வலிப்பும் வேறு வகையின. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணத்தின்படி, உடல் முழுவதும் உதறும் வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்துவிட்டால், தானே நிற்கும் என்று காத்திராது மருந்து தொடங்கல் வேண்டும். 30 நிமிடத்தைக் கடப்பின் மூளைக்கு நெடுநாள் நிற்கும் கேடு நேர்தலும் கூடும். முதலிற் கொடுப்பது பென்சோடயசிப்பீன் வகை மருந்து. அதற்கும் அடங்காதவிடத்து லெவெற்றிரசெற்றம், வல்புரோயேற்று, பொஸ்பெனிற்றோயின் போன்றவற்றுள் ஒன்றைக் கொடுப்பர். இம்மூன்றையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரும் பரிசோதனையொன்றில், மூன்றும் ஏறத்தாழப் பாதி நோயாளருக்கே பயன் தந்தன. ஒன்றினொன்று சிறந்ததெனத் தோன்றவில்லை. எம் நண்பரின் மகன் மற்றைப் பாதியைச் சேர்ந்தவனானான். ஆதலின் மயக்க மருந்து செலுத்தி, செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைத்து, அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடத்தினர்.

எமது பிழை தொடங்கியது அவ்விடத்திலேதான்.

வைத்தியசாலைத் தாழ்வாரத்திற் காத்திருப்போர்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நேரத்திற் கையில் ஒரு தாள் கிடைப்பின் அதனைத் திரும்பத் திரும்பப் படிப்பது மனித இயல்பு. சில இரத்தப் பரிசோதனைகளை வெளியே செய்வித்து வரச் சொல்லியிருந்தமையால், அறிக்கைகள் நண்பரின் கைவழியே எம் கைக்கு வந்தன. குளுக்கோசு சரியாயிருந்தது, சோடியமும் அவ்வாறே. வெண்குழியங்கள் பெருகியிருந்தன. இலக்டேற்று உயர்ந்திருந்தது. இலீற்றருக்கு 35 கிராமுக்குக் குறையாதிருக்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் 26 கிராமாய் இருந்தது. எண்களோடு வாழ்ந்த ஆசிரியர் எண்களைக் கண்டால் வாளாவிருப்பரோ? பேரனின் கைத்தொலைபேசியை வாங்கித் தேடினோம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று கிடைத்தது. நீடித்த வலிப்புக்கு ஆளானோருள், தொடக்கத்திலே அல்புமின் குறைந்திருந்தோர் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது அதன் முடிபு. அதனை இருமுறை படித்தோம். விடை கண்டுவிட்டதாகவே எண்ணினோம்.

நண்பர் எம் முகத்தைப் பார்த்தார். “மச்சான், உண்மையச் சொல்லு. நீ படிச்சவன்” என்றார்.

“கணக்கைப் பார்த்தா நல்லதாத் தெரியல்ல, மச்சான்” என்றோம்.

அவர் அழவில்லை. சிறிது நேரம் நிலத்தையே நோக்கியிருந்து, “அப்படியெண்டா ஊட்டுக்குக் கொண்டுபோவம். இந்தக் குழாய்களோட கிடக்க வேணாம். நாலு பேர் பக்கத்துல இருந்து ஓத, ஊட்டுல மவுத்தாகட்டும்” என்றார். சொல்லிவிட்டு எழுந்து, கையொப்பமிடவேண்டிய தாள் எங்கே என்று தாதியிடம் கேட்கச் சென்றார்.

யாம் உரைத்த ஒரு வாக்கியம் ஓர் உயிரை மருத்துவக் கருவியினின்றும் கழற்றி முச்சக்கரவண்டியில் ஏற்றும் நிலைக்கு வந்துவிட்டது. அவனை அன்று வீட்டுக்குக் கொண்டுசென்றிருப்பின் அவன் இறந்திருப்பான். இறந்தபின் யாம், “அல்புமின் முன்னமே சொல்லிற்று” என்று சொல்லியிருப்போம். கேட்டோரும் எம் அறிவை வியந்திருப்பர். குறி சொன்னவனே தன் குறியை மெய்யாக்கிவிடும் இக்கொடுமையை எண்ணுந்தோறும் இன்றும் எம் நெஞ்சு நடுங்குகின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவிற் பொறுப்பாயிருந்த வைத்தியர் எம்மிடம் உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவர். அவர் வெளியே வந்து நண்பரின் கையைப் பற்றி இருத்தி, “வாப்பா, கொஞ்சம் பொறுங்க” என்றார். பின்பு எம் பக்கம் திரும்பினார்.

“சேர், நீங்க ஒரு எண்ணைப் பார்த்தீங்க. நான் நாலு கேள்வி கேக்கிறன். அதுக்கு இரத்தமே தேவையில்ல.”

அந்நான்கு வினாக்களும் யாம் அறியாதவை. அன்ட்ரியா ரொசெற்றி என்னும் நரம்பியலாளரும் அவர் துணைவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளிமுறையொன்றைச் சேர்ந்தவை. நோயாளிக்கு வயது 65 ஆயிற்றா? முன்னர் வலிப்பு வந்ததுண்டா? சிகிச்சை தொடங்குமுன் உணர்வு எந்நிலையில் இருந்தது? வலிப்பு எவ்வகையினது? விடைகளுக்கேற்ப 0 முதல் 6 வரை புள்ளி வழங்குவர்; 3க்குக் குறையுமாயின் பிழைக்கும் வாய்ப்பு நன்று. மகனுக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். ஆகவே புள்ளி இல்லை. முன்னரே வலிப்பு உடையவன். அதற்கும் புள்ளி இல்லை. உணர்விழந்திருந்தமைக்கு ஒன்று, உடல் முழுவதும் உதறிய வலிப்புக்கு ஒன்று, ஆக 2. முன்பு ஒருபோதும் வலிப்பு வராதவனுக்குத் திடீரென இவ்வாறு நேர்ந்தால், பக்கவாதமோ மூளையழற்சியோ போன்ற புதிய கேடு பின்னே நிற்றல் கூடும். பழைய நோயாளியெனின் அவ்வையம் குறையும். இம்முறைக்கும் எல்லையுண்டென்று வைத்தியர் மறைக்காது கூறினார். குறைந்த புள்ளி பெற்றவர் பிழைப்பர் என்பதை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். மிகுந்த புள்ளி பெற்றவர் இறப்பர் என்பதை அவ்வளவு சரியாகச் சொல்லாது.

“அப்படியாயின் அல்புமின்?” என்றோம்.

“அது பொய்யில்ல, சேர். ஆனா அது சொல்றது இவரைப் பற்றி மட்டுமில்ல” என்றார் அவர். அல்புமின் ஈரலில் உண்டாவது. காய்ச்சலும் அழற்சியும் வந்தால் குறையும். உணவு குன்றினாற் குறையும். சேலைன் ஏற்றினால் ஐதாகிக் குறையும். மகனுக்கு ஒரு கிழமையாய் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் இருந்தன என்பதை யாம் கருத்திற் கொள்ளவேயில்லை. இலக்டேற்றும் அத்தகையதே. தசைகள் உதறுங்கால் அது உயரும். உதறல் நின்றபின் ஓரிரு மணியில் இறங்கும். முதல் எண் உயர்ந்திருப்பதன்று அஞ்சத்தக்கது. அடுத்தடுத்த எண்கள் இறங்காதிருப்பதே காரணத்தைத் தேடத் தூண்டுவது. அவனுக்கு அது இறங்கியிருந்தது. அத்தாளை யாம் பார்க்கவில்லை.

இறுதியாக அவர் சொன்னது எம்மைத் தலைகுனியச் செய்தது. “சேர், முன்னோடிப் பரீட்சையில இரசாயனத்துக்கு எனக்கு 32 புள்ளி. நினைவிருக்கா? நீங்க என்னைப் படிச்சது போதும், ஊட்டுக்குப் போ எண்டு சொல்லல்ல. பின்னேரம் வகுப்புக்கு வா எண்டீங்க.”

நண்பர் கையொப்பமிடவில்லை.

அதன்பின் பல நாள் யாம் இப்பொருளைக் கற்றோம். இம்முறை விடை காண்பதற்கன்று, விளங்கிக்கொள்வதற்கு. வலிப்பு நோயாளரின் இரத்தத்தைப் பரிசோதிப்பதில் இருவேறு நோக்கங்கள் உள. ஒன்று, காரணத்தைத் தேடுவது. குளுக்கோசு குறைந்ததா, சோடியம் குறைந்ததா, கல்சியம் குறைந்ததா, தொற்று உண்டா, உண்ட மருந்து இரத்தத்திற் போதியளவு உண்டா என்று நோக்குவது. இவற்றுட் பலவற்றுக்கு உடனே மாற்றுண்டு. ஆதலின் இப்பரிசோதனைகள் உயிர் காப்பன. மற்றையது, முடிவை முன்னறிய முயல்வது. நரம்புக் கலங்களில் மிகுதியாயுள்ள எனொலேசு என்னும் நொதியம் நீடித்த வலிப்பின்போது குருதியில் உயர்கின்றது என 1995ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் எழுதினர். ஆயினும் அந்நொதியம் செங்குழியங்களிலும் உண்டு. குருதியை எடுக்கும்போது அவை உடைந்தாலே எண் உயர்ந்துவிடும். நரம்பிழைகளினின்று கசியும் நுண்ணிழைப் புரதமொன்றையும் அண்மையில் அளக்கின்றனர். அது நாட்கணக்கில் மெல்ல உயர்வதாதலின் முதல்நாட் கவலைக்கு விடை தராது.

இதயம் நின்று மீட்கப்பட்டவர் விழிக்காது கிடக்கும்போது இவ்வெனொலேசைக் கொண்டு முன்னறிய வரம்பொன்று வகுத்துள்ளனர். ஐரோப்பிய மருத்துவர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 48 அல்லது 72 மணி நேரத்தில் அது இலீற்றருக்கு 60 மைக்குரோகிராமைக் கடந்திருத்தல் தீய குறியாகும். அங்கும் அவ்வெண் தனித்து நிற்றல் கூடாது. வேறொரு சான்றேனும் உடனிருத்தல் வேண்டும் என்றே விதித்துள்ளனர். நீடித்த வலிப்புக்கோ யாவரும் ஒப்புக்கொண்ட அத்தகைய வரம்பு எதுவும் இன்னும் வகுக்கப்படவில்லை. வலிப்பின் காரணங்கள் பலவாதலின் அஃது எளிதுமன்று. மூச்சடைத்து மூளை வாடியதனால் வந்த வலிப்பும், குளிசை தவறியதனால் வந்த வலிப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், முடிவில் மடுவும் மலையும் போன்றவை.

குளிசை என்றதும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. இத்தனை தாள்களும் காட்டாத காரணத்தைக் காட்டியவள் நண்பரின் மருமகளாவாள். வைத்தியர் எங்களிடமெல்லாம் கேட்டபின் அவளிடமும் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி, “நோன்பு தொடங்கின நாளிலிருந்து பகல் குளிசை எடுக்கல்ல. காய்ச்சல் வந்த பிறகு சஹருக்கும் எழும்பல்ல” என்றாள். நாளுக்கு மூன்று வேளை உண்ணவேண்டியதில் ஒரு வேளையையும், இறுதி வாரத்தில் இரு வேளைகளையும் அவன் விட்டிருந்தான். மருந்து குறைந்ததும் காய்ச்சலும் சேர்ந்தே அவனை வீழ்த்தின. மருந்து தவறியதால் வரும் நீடித்த வலிப்பு, மற்றைக் காரணங்களால் வருவனவற்றினும் நன்முடிவு உடையது. யாம் அல்புமினிலே தேடிய குறி, அவ்வீட்டு அலுமாரியில் மீந்து கிடந்த குளிசை மட்டைகளில் இருந்தது.

மயக்க மருந்தைப் படிப்படியாகக் குறைத்தனர். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அவன் கண்களைத் திறந்து, வாப்பாவின் முகத்தை அறிந்தான். பிழைத்தான் என்று எழுதிவிட்டு நிறுத்துதல் எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. பல மாதங்கள் அவன் சொற்களைத் தேடினான். தன் கையால் நூறுமுறை நெய்த கரைக் கோலங்களை மறந்தான். சிலவற்றை இன்னும் தறியருகே தாளில் எழுதி வைத்தே நெய்கின்றான். அதே பிரிவில், அடுத்த கட்டிலில், பக்கவாதத்தால் வலிப்புக்கண்ட மூதாட்டி ஒருவர் கிடந்தார். அவருடைய அல்புமின் நன்றாயிருந்தது என அவர் மகன் எம்மிடம் சொல்லி ஆறுதலடைந்ததுண்டு. அவர் நான்காம் நாள் மறைந்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஆய்வு பொய்யென்று ஆகிவிடாது. நூறு பேரைப் பற்றி ஆய்வு சொல்வது மெய். அந்நூறு பேரில் இவர் எவர் என்பதையே அது சொல்லாது. சென்ற பத்தாண்டுத் தேர்ச்சி வீதத்தைக் கொண்டு முதல் வாங்கிலிருக்கும் பிள்ளையின் பெறுபேற்றை எழுதிவிடும் ஆசிரியரை நாம் என்னென்போம்?

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தை நம் கல்லூரியில் மனனம் செய்யாதார் இலர். நோயின் காரணத்தை நாடுமாறு அது பணிக்கின்றது. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் நோக்குமாறு பணிக்கின்றது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என மருத்துவத்தை நால்வகைப்படுத்துகின்றது. அந்நான்கனுட் குறி சொல்வோனுக்கு இடமில்லை என்பதை யாம் எழுபது வயது கடந்தபின், வைத்தியசாலைத் தாழ்வாரத்திலேதான் கற்றோம். அன்று எமக்கு விதிக்கப்பட்டிருந்த பணி நான்காவது. யாம் செய்தது ஐந்தாவது.

மாணவச் செல்வங்களே! உங்களுட் பலர் மருத்துவராவீர்கள். சிலர் எண்களை ஆராயும் தொழில் பூணுவீர்கள். ஓர் எண்ணைக் காணும்போது, அது எவரிடத்து, எந்நேரத்தில், என்ன நடந்தபின் எடுக்கப்பட்டது என மூன்று வினா வினவிய பின்னரே வாய் திறவுங்கள். ஏனையோருக்கும் சில சொல்வோம். ஒருவர் வலிப்புற்று விழுந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதனையும் வையாதீர்கள், சாவியைத் தேடி நேரத்தை இழவாதீர்கள், 5 நிமிடத்தில் அடங்காவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோன்பாயினும் விரதமாயினும், வலிப்புக் குளிசையை வைத்தியரைக் கேளாது நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு நோன்பிற் சலுகை உண்டென்பதை மார்க்கம் அறிந்தோர் எடுத்துரைப்பர். நோற்க விரும்புவோர், மாதம் பிறக்குமுன்னரே வைத்தியரிடம் சென்று, மருந்தின் நேரத்தை மாற்றியமைக்க இயலுமா என்று கேட்டறியலாம்.

சென்ற பெருநாளுக்கு நண்பரின் மகன் தான் நெய்த சாரமொன்றை எமக்குக் கொண்டுவந்து தந்தான். “மாமா, கரையில ஒரு இழை பிழைச்சிப் போச்சி. வேற ஒண்டு நெய்து தாறன்” என்றான். வேண்டாம், இதுவே போதும் என்றோம். அன்று வைத்தியசாலையில் நடந்ததை அவனுடைய தந்தை அவனிடம் இதுவரை சொல்லவில்லை. யாமும் நேரிற் சொல்லத் துணிவின்றியே, அவனும் படிக்கக்கூடிய இம்மலரில் எழுதி வைக்கின்றோம். பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவை எமக்குக் கற்பித்த நம் கல்லூரி நீடு வாழ்க!